திருவிழாக் காலப் பிரயாணமும் ஊராட்சியின் கடமையும்

மதுரையிலிருந்து தெற்கே திருமங்கலம் நோக்கிச் செல்லும் பழைய பெருஞ்சாலையில் பழங்காநத்தம் அமைந்துள்ளது. நத்தம் என்ற சொல் பெயரிலேயே நின்று, இதுவும் ஒரு காலத்தில் வயல் சூழ்ந்த குடியிருப்பாகவே இருந்தது என்பதை ஊராட்சி மன்றத்தாருக்கு எளிதில் உணர்த்தும். இன்று அது மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது. ஆயினும், தென்மேற்குச் சமவெளியிலுள்ள சிற்றூர் மக்கள் நகருக்குள் புகுவதற்கும், நகர மக்கள் திருப்பரங்குன்றம் செல்வதற்கும் அதுவே வாயிலாக விளங்குகிறது. தைப் பொங்கலன்று பக்கத்து அவனியாபுரத்தில் சல்லிக்கட்டு, மறுநாள் பாலமேட்டில், அதற்கு மறுநாள் அலங்காநல்லூரில். தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்கு நடைபயணம். சித்திரையில் மீனாட்சி திருக்கல்யாணமும், அழகர் வைகையில் எழுந்தருளும் காட்சியும். வைகாசி விசாகத்தில் பால்குடம் ஏந்திக் குன்றத்தை நோக்கி வரும் கூட்டம். பின்னர் தீபாவளி. ஆண்டில் பாதி மாதங்கள் நம் சாலைகள் திருவிழாச் சாலைகளாகவே இருக்கின்றன எனலாம்.

மகிழ்ச்சிக்கெனப் புறப்பட்டவர் வீடு திரும்பாமற் போவது போன்ற துயரம் வேறில்லை. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் நிகழ்ந்த சாலை விபத்துக்கள் 4,61,312. அவற்றில் மாண்டோர் 1,68,491 பேர். அவ்வாண்டில் விபத்துக்களின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம் பெற்றது: 64,105 விபத்துக்களில் 17,884 பேர் உயிரிழந்தனர். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 49 பேர் என்று இது கணக்காகிறது. நாட்டில் மாண்டோரில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள்.

இவையெல்லாம் போலீசாரும் நெடுஞ்சாலைத் துறையினரும் கவனிக்க வேண்டியவை, ஊராட்சிக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக் கூடும். பிரயாணம் தொடங்குவது ஊரில்தான். எந்த வண்டியில், எத்தனை பேர், எந்நேரத்தில் புறப்படுவது என்று முடிவு செய்வது ஊர்ப் பொதுக்கூட்டம். முடிவு செய்வது ஊராயின், அதை மாற்றவும் ஊராலேயே இயலும்.

முதலாவதாக, சரக்கு வண்டியில் மக்களை ஏற்றிச் செல்லும் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். காதுகுத்து, கிடாவெட்டு, குலதெய்வ வழிபாடு, பால்குடம் என்று எதுவாயினும், டிராக்டர் டிரெய்லரோ, மினி லாரியோ, 'குட்டி யானை' என்று மக்கள் வழங்கும் சிறு சரக்கு வண்டியோ வாசலுக்கு வந்துவிடுகிறது. 2019 ஆகஸ்டு 18ஆம் நாள், திருச்சி மாவட்டம் துறையூர் அருகே, கோயிலுக்குச் சென்றவர்களை ஏற்றிய சிறு சரக்கு வண்டி ஒன்று டயர் வெடித்துச் சாலையோரக் கிணற்றுக்குள் வீழ்ந்தது. 8 பேர் மாண்டனர். 2022 ஏப்ரல் 2ஆம் நாள், திருப்பத்தூர் மாவட்டத்துச் செம்பரை மலைக் கோயிலுக்கு முப்பது பேரளவில் ஏற்றிச் சென்ற வேன் பள்ளத்தில் கவிழ்ந்து, பெண்களும் சிறுவருமாக 11 பேர் மாண்டனர். அவர்கள் நம்மைப் போன்ற சிற்றூர் மக்களே. நாம் வழக்கமாகப் போவது போலவே போனவர்கள்.

இவ்வண்டிகள் ஏன் இவ்வளவு எளிதில் குடைசாய்கின்றன? நெல் மூட்டை அடுக்கிய இடத்தில் அசையாமற் கிடக்கும். மனிதரோ நிற்பர், வண்டி வளையுந்தோறும் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்வர். நிற்கும் மக்களின் பாரம் தரையிலிருந்து உயரத்தில் இருப்பதால், வண்டி தன் நிலையை விரைவில் இழக்கிறது. கவிழும்போது பற்றிக்கொள்ளப் பிடியுமில்லை, தாங்க இருக்கையுமில்லை. டிரெய்லருக்கோ பெரும்பாலும் தனியாகத் தடையும் கிடையாது. முன்னால் டிராக்டர் நின்றாலும் பின்னாலிருக்கும் பாரம் அதைத் தள்ளிக்கொண்டு போகும். உழவர் பெருமக்களுக்கு இதை நாம் விளக்க வேண்டுவதில்லை. கரும்புப் பாரத்தோடு வாய்க்கால் கரையேறி இறங்கியவர்கள் அவர்கள்.

ஆயின், இதில் அறியப்படாத செய்தி ஒன்றுண்டு. சரக்கு வண்டியில் பயணியாக ஏறிச் சென்றவர் விபத்தில் இறந்தால், அவர் குடும்பத்திற்கு இழப்பீடு தரும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்தைச் சாராது என்று உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. தம் சரக்குடன் செல்லும் சரக்கு உரிமையாளருக்கு மட்டும் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே, சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டு செல்பவரும் கோயிலுக்குச் செல்பவரும் ஒரே வண்டியில் அமர்ந்திருந்தாலும் சட்டத்தின் முன் ஒருவரல்லர். இழப்பீட்டுப் பாரம் வண்டிக்காரர் தலையில் விழும். ஊருக்கு உதவியாக டிராக்டரை இலவசமாகக் கொடுத்த நல்ல மனிதர், அத்தொகைக்காகத் தம் நிலத்தையே விற்க நேரலாம். வண்டி கேட்பவரும் கொடுப்பவரும் இதனை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

வேறு வழியில்லாமலா மக்கள் இவ்வாறு செல்கின்றனர்? பேருந்து வாடகை மிகுதி என்பதே பெரும்பாலும் காரணம். ஐம்பது பேர் பகிர்ந்துகொண்டால் தலைக்கு என்ன விழும் என்று யாரும் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. திருவிழாவிற்கு வரி பிரிக்கும்போதே பேருந்துச் செலவையும் சேர்த்துப் பிரித்துவிட்டால் இத்தொல்லை பாதி தீரும். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் வாணவேடிக்கைக்கும் தாராளமாகச் செலவிடும் விழாக் குழுவினர் வண்டியில் மட்டும் சிக்கனம் காட்டுவது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

இருசக்கர வண்டியில் இருவருக்கு மேல் செல்லலாகாது. இருவரும் தலைக்கவசம் அணிதல் வேண்டும். பின்னால் அமர்ந்திருக்கும் மனைவிக்குத் தலைக்கவசம் தேவையில்லை என்று சட்டம் எங்கும் கூறவில்லை. தலைக்கவசம் இறப்பை நூற்றுக்கு 42 பங்கும், தலைக்காயத்தை 69 பங்கும் குறைப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டுள்ளனர். சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கி நேரும் விபத்துக்களும் உள்ளன. வண்டியில் துணிக்காப்பு இல்லாதவர் அதைப் பொருத்துதல் நலம். பதினெட்டு வயது நிரம்பாத பையன் வண்டியோட்டிப் பிடிபட்டால், 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம். பொங்கல் விடுமுறையில் மாமன் வண்டியை மருமகன் எடுத்துச் செல்வது நம் ஊர்களில் செல்லமாகக் கருதப்படுகிறது. மாமன்மார் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். சல்லிக்கட்டுக்குக் காளையுடன் செல்லும் இளைஞர்கள், காளை நிற்கும் வண்டியின் பக்கப் பலகை மேல் அமர்ந்தே செல்கின்றனர். காளை ஒரு முறை திமிறினால் போதும். காளைக்கு ஒரு வண்டி, ஆட்களுக்கு ஒரு வண்டி என்று பிரித்துக்கொள்ளுதல் நன்று.

இனி நடந்து செல்வோரைப் பற்றி. பழனிக்குச் செல்வோர் வெயிலுக்கு அஞ்சி இரவில் நடக்கின்றனர். பச்சை, காவி, நீலம் முதலிய நிறங்கள் இருளில் கருமையாகவே தோன்றும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, தடையை மிதித்து, வண்டி நிற்பதற்குள் சுமார் 45 மீட்டர் ஓடிவிடும். தாழ்ந்த விளக்கொளியிலோ கருநிற உடை அணிந்தவர் முப்பது மீட்டருக்கு அப்பால் தெரிவது அரிது. ஓட்டுநர் எவ்வளவு நல்லவராயினும் இக்கணக்கை அவரால் மாற்ற இயலாது. எனவே, ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டையை முதுகிலும் பையிலும் ஒட்டிக்கொள்ளுதல் வேண்டும். வலப்புறமாக, வண்டிகளை எதிர்நோக்கி நடத்தல் வேண்டும். கூட்டத்தின் முன்னும் பின்னும் விளக்கேந்தியவர் செல்லுதல் வேண்டும். சாலையோரத்தில் படுத்துறங்குவது எக்காரணம் பற்றியும் ஆகாது. வழியிலுள்ள ஊராட்சிகள் பள்ளிக் கட்டடத்தையோ சமுதாயக் கூடத்தையோ அவ்விரவுகளில் திறந்துவிடலாம். அன்னதானப் பந்தலைச் சாலை விளிம்பில் போடாமல் உள்ளே தள்ளிப் போட்டால், மக்கள் சாலையைக் குறுக்கே கடப்பதும் குறையும்.

தை மாதம் அறுவடைக் காலமுமாகும். கம்பு, சோளம், உளுந்து, கேழ்வரகு ஆகியவற்றைத் தார்ச்சாலையில் பரப்பி, போகும் வண்டிகளைக் கொண்டே போரடித்துக்கொள்வது பல ஊர்களில் வழக்கம். தட்டையின்மீது ஏறும் இருசக்கர வண்டி வழுக்கும். காரின் அச்சில் சுற்றிக்கொண்ட தட்டை சூடேறித் தீப்பற்றுவதும் உண்டு. இரவில் தானியக் குவியலைச் சுற்றிக் கற்களை அடுக்கிவிட்டு வீட்டிற்குப் போய்விடுவது இன்னும் கொடிது. உழவரை மட்டும் குறை கூறி நாம் நின்றுவிட முடியாது. களமில்லாத ஊரில் அவர் தானியத்தை எங்கே காயவைப்பார்? உலர்களம் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புவதும், இருக்கும் களத்தை வைக்கோற்போருக்கும் குப்பைக்கும் விட்டுவிடாமல் காப்பதும் ஊராட்சியின் கடமை. இதே நாட்களில்தான் கரும்பேற்றிய வண்டிகளும் சந்தைக்குச் செல்கின்றன. பின்னால் நீட்டிய கரும்பு இருளில் கண்ணுக்குப் புலப்படாது. அக்காலத்தில் மாட்டு வண்டியின் அடியில் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டு போகும். இன்று டிரெய்லரின் பின்புறம் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டச் சில ரூபாய்களே ஆகும்.

விபத்து நேர்ந்த மறுநாளே மண்ணையும் கல்லையும் கொட்டி வேகத்தடை அமைக்கும் ஊர்களையும் காண்கிறோம். துயரத்தின் வேகத்தில் செய்வது அது. முறையான வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு மெல்ல ஏறி இறங்குவது. வெள்ளைக் கோடுகளும் முன்னறிவிப்புப் பலகையும் உடையது. இவை இல்லாத மேடு அடுத்த விபத்துக்கே வழிகோலும். நெடுஞ்சாலைத் துறைக்கு விண்ணப்பித்து முறைப்படி அமைத்துக்கொள்ளுதல் வேண்டும். சாலையோரக் கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் உண்டா என்று பார்ப்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம். துறையூர் நிகழ்ச்சிக்குப் பிறகு அதற்குத் தனியே காரணம் கூற வேண்டுவதில்லை.

விபத்தில் அடிபட்டவரைத் தொட்டால் போலீஸ், சாட்சி, கோர்ட்டு என்று அலைய நேரும் என்ற அச்சம் இன்னும் நீங்கவில்லை. 2016ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும், 2019ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் உதவி செய்பவருக்கு முழுப் பாதுகாப்பு அளித்துள்ளன. அவர் தம் பெயரைக் கூறவும் கட்டாயமில்லை. சாட்சியாக வர விரும்பினாலன்றி வற்புறுத்தவும் இயலாது. 108 என்ற எண்ணை அழைத்து, ஊர்ப் பெயருடன் அருகிலுள்ள கோயில் அல்லது பாலத்தையும் அடையாளமாகக் கூறுதல் வேண்டும். அடிபட்டவரைக் கழுத்து மடங்கத் தூக்குவதும், மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றுவதும் தவறு. இரத்தம் பெருகும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்திருந்தாலே பல உயிர்கள் பிழைக்கும். முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்டது. கையில் பணமில்லையே என்று அஞ்சி நிற்க வேண்டுவதில்லை.

இவற்றையெல்லாம் எப்போது பேசுவது என்பதற்கு நாட்காட்டியே விடை கூறும். நவம்பர் 1 அன்று கூடும் கிராம சபையில் பொங்கலுக்கும் தைப்பூசத்திற்குமான ஏற்பாடுகளை வைத்துக்கொள்ளலாம். ஜனவரி 26 வரை காத்திருந்தால் பொங்கல் போய்விடும். சித்திரைத் திருவிழாவிற்கு மார்ச் 22ஆம் நாள் கூட்டமும், விசாகத்திற்கு மே முதல் நாள் கூட்டமும், தீபாவளிக்கு அக்டோபர் 2ஆம் நாள் கூட்டமும் பொருந்தும். ஊரிலிருந்து எத்தனை பேர், எந்நாளில், எங்கே செல்வர் என்ற கணக்கை அங்கேயே எழுதி, பேருந்து வேண்டுமென்று போக்குவரத்துக் கழகப் பணிமனைக்கு மன்றத்தின் பெயரால் ஒரு மாதம் முன்னதாக விண்ணப்பித்துவிட்டால், அந்நாள் வரும்போது வாசலில் டிராக்டர் வந்து நிற்காது.