நீரில் ஒரு கொழுப்புப் பை

உலர்ந்த திராட்சை ஒன்றை இரவில் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் அது உப்பிப் பருத்திருக்கும். கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு, சவ்வின் வழியே நீர் செல்கிறது. இதைச் சவ்வூடு பரவல் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். நீர் புகுந்துகொண்டே இருந்தால் அந்தச் சவ்வு என்னவாகும்?

செல்லின் சவ்வில் அடிப்படையானவை பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்பு மூலக்கூறுகள். இவற்றின் தலை நீரை நாடும். வால்கள் நீரை ஒதுக்கும். ஆகவே, வால்கள் உள்ளே மறைய, இவை ஈரடுக்காக அமைகின்றன. இதன் தடிமன் 4 அல்லது 5 நானோமீட்டர்தான். இக்கொழுப்பை நீரில் கலந்தால் தானாகவே மூடிய பைகள் உண்டாவதை 1960களில் இங்கிலாந்தைச் சேர்ந்த அலெக் பாங்ஹாம் கண்டறிந்தார். இவையே லிப்போசோம்கள்.

10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள ஒரு பையை எடுத்துக்கொள்வோம். உள்ளே நம் இரத்தத்துக்குச் சமமான செறிவுள்ள சர்க்கரைக் கரைசல். வெளியே தூய நீர். சர்க்கரை சவ்வை எளிதில் கடக்காது, நீர் கடக்கும். இந்நிலையில் சவ்வூடு அழுத்தம் ஏறத்தாழ 7 வளிமண்டலம். சவ்வு தாங்கக்கூடியதோ சுமார் நூறில் ஒரு பங்கு வளிமண்டலமே!

கணக்கைப் பாருங்கள். கொழுப்புச் சவ்வின் பரப்பு சுமார் 5 சதவீதத்துக்கு மேல் விரியாது. கோளத்தின் பரப்பு 5 சதவீதம் கூடினால், கொள்ளளவு ஏறத்தாழ 7.5 சதவீதமே கூடும். அதற்குமேல் நீர் புகுந்தால் சவ்வில் துளை விழுகிறது.

ஆனால் பை சோப்புக் குமிழிபோல் சிதறிவிடுவதில்லை. துளை வழியே உள்ளிருக்கும் கரைசல் சிறிது வெளியேறுகிறது. சவ்வின் இழுவிசை தளர்கிறது. துளையின் விளிம்பு சவ்வுக்கு ஆற்றல் மிகுந்த நிலை. எனவே துளை சுருங்கி மூடிக்கொள்கிறது. உள்ளே இன்னும் செறிவு மிகுதி. மீண்டும் நீர் புகும், பை உப்பும், துளை விழும், மூடும். ஒவ்வொரு முறையும் உட்செறிவு குறைந்து, சவ்வு தாங்கும் அளவுக்கு வந்ததும் இது நிற்கிறது.

மாறாக, பையைக் கெட்டியான கரைசலில் இட்டால் நீர் வெளியேறும். கொள்ளளவு குறையும், சவ்வின் பரப்போ குறையாது. எனவே காற்று இறங்கிய பந்துபோல் பை குழிந்து மடிகிறது.

நம் இரத்தச் சிவப்பணுவின் இருபுறமும் குழிந்த வடிவத்தின் நன்மை இப்போது புரியும். அதன் பரப்பு சுமார் 135 சதுர மைக்ரோமீட்டர். கொள்ளளவு சுமார் 90 கன மைக்ரோமீட்டர். இதே பரப்புள்ள கோளம் ஏறத்தாழ 147 கன மைக்ரோமீட்டர் கொள்ளும். ஆகவே சவ்வு விரியாமலே சிவப்பணுவால் ஒன்றரை மடங்குக்கு மேல் உப்ப முடியும். அதற்கும் மேலே போனால் சவ்வு கிழிந்து ஹீமோகுளோபின் வெளியேறிவிடும்.

இதனால்தான் மருத்துவமனையில் நரம்பு வழியே வெறும் வாலை வடிநீரை ஏற்றுவதில்லை, 0.9 சதவீத உப்புக் கரைசலை ஏற்றுகிறார்கள். மருந்தைச் சுமந்து செல்லும் லிப்போசோம்களைத் தயாரிக்கும்போதும் உள்ளும் புறமும் செறிவு கவனிக்கப்படுகிறது. இல்லையேல் மருந்து வழியிலேயே கசிந்துவிடும்.

சிந்தியுங்கள்: சம பரப்புள்ள இரு பைகள், உட்செறிவும் சமம். ஒன்று முழுக் கோளம், மற்றது குழிந்தது. இரண்டையும் சற்றே நீர்த்த கரைசலில் இட்டால் எதில் முதலில் துளை விழும்? ஏன்?