ஊரும் உடல்நலமும்

உடலுழைப்புக்குப் பெயர்பெற்றவர் சிற்றூர் மக்கள். விடியுமுன் எழுந்து ஏர் பூட்டுதலும், ஏற்றம் இறைத்து நீர் பாய்ச்சுதலும், நெல்மூட்டையைத் தோளிற் சுமத்தலும் முன்னாளில் ஊர் ஆடவர்க்கு அன்றாடத் தொழில்களாய் இருந்தன. அவர்கட்குத் தனியே ஒரு பயிற்சி வேண்டப்படவில்லை. இன்றோ ஏர் இருந்த இடத்தில் டிராக்டர் உழுகின்றது. ஏற்றம் இருந்த இடத்தில் மின்பொறி நீர் இறைக்கின்றது. நடந்து சென்ற வழியில் இருசக்கர வண்டிகள் விரைகின்றன. உழைப்புக் குறைந்தது, உண்ணும் சோற்றின் அளவோ பலர்க்குக் குறையவில்லை. ஆதலின், நகரத்தார் நோய்கள் எனக் கருதப்பட்ட நீரிழிவும் குருதிக்கொதிப்பும் சிற்றூர்த் திண்ணைகளிலும் வந்து அமர்ந்தன.

இஃது வெறும் ஊகம் அன்று. தமிழ்நாடு, மகாராட்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய பகுதிகளில் நடத்தப்பெற்ற ஆய்வு ஒன்று 2014-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நகரத்தாருள் நூற்றுக்கு 65 பேரும், ஊரகத்தாருள் நூற்றுக்கு 50 பேரும் போதிய உடலியக்கம் இன்றி இருந்தனர் என்று அது காட்டிற்று. வளர்ந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமாக உடலை இயக்குதல் வேண்டும் என்றும், இரு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்தல் வேண்டும் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. இவ்வளவை ஊர் மக்களின் வாழ்வில் எங்ஙனம் பொருத்துவது?

நிலத்தின் தன்மை அறிந்தே உழவன் விதை தேர்கின்றான். பயிற்சி வகுப்போனும் அவ்வாறே ஊரை அறிதல் வேண்டும். முதற்கண் அறியத்தக்கது, பயிற்சி யாருக்கு என்பதாகும். நாள் முழுதும் மூட்டை சுமப்பவனும், கடையில் அமர்ந்து கணக்கு எழுதுபவனும் ஓர் ஊரினரே. ஆயினும், முன்னவனுக்கு வேண்டுவன இறுகிய தசைகளைத் தளர்த்தும் எளிய பயிற்சியும் ஓய்வும். பின்னவனுக்கு வேண்டுவது விரைந்த நடை. நாற்பது வயதைக் கடந்தோர் குருதியழுத்தமும் சர்க்கரையளவும் பார்த்த பின்னரே கடும் பயிற்சியில் இறங்குதல் நன்று. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம், இவற்றை வீட்டு வாயிலிலேயே அறிந்துகொள்ள வழி செய்தது.

அடுத்து அறியத்தக்கன காலமும் இடமும் ஆகும். பால் கறக்கும் வேளையிலும், வயலுக்கு நீர் திருப்பும் வேளையிலும் கூட்டம் கூட்டினால் எவரும் வாரார். நடவும் அறுவடையும் நிகழும் நாள்களில் வயலே பயிற்சிக்களம். அவை ஓய்ந்த திங்களிலேதான் பயிற்சி மிகுதியும் வேண்டப்படும். ஏரிக்கரையும் களத்துமேடும் பள்ளித்திடலும் இருக்க, பொருள் செலவிட்டுக் கூடம் எழுப்ப வேண்டுவதில்லை.

மூன்றாவது, பயிற்சியின் வகை. நோய்க்கு அஞ்சி வாருங்கள் என்றால் ஆடவர் பலர் நாணி ஒதுங்குவர். ஆட்டத்திற்கு வாருங்கள் என்றால் விரைந்து வருவர். சடுகுடு ஊர்த்திடலில் வளர்ந்த ஆட்டமே. அது 1990-ஆம் ஆண்டில் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் இடம்பெற்றது. இந்தியா அதில் தங்கம் வென்றது. எனினும், பல்லாண்டு ஆடாதிருந்த ஒருவன் ஒரே நாளில் சடுகுடுக் களத்தில் பாய்ந்தால் மூட்டும் தசையும் ஊறுபடும். அவன் முதல் வாரம் பத்து நிமிடம் நடந்து, பின்னர்ச் சிறிது சிறிதாகக் கூட்டுதல் வேண்டும். சிலம்பத்தின் கால்வரிசையை மெல்லப் பழகுதலும் பொருந்தும். நெஞ்சில் வலியோ தலைச்சுற்றலோ தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவரை அடைதல் வேண்டும்.

யாவற்றினும் இன்றியமையாதது கூட்டுறவு. தனியே நடப்பவன் மழை தூறினால் நின்றுவிடுவான். நால்வரோடு நடப்பவனை மற்ற மூவரும் வாயிலில் வந்து அழைப்பர். திட்டம் வகுத்தவர் ஊரை விட்டுச் சென்ற பின்னரும் அவ்வழைப்புக் குரல் கேட்குமாயின், அத்திட்டம் வேரூன்றியது எனலாம். மாலைதோறும் தன் தந்தையை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லும் மாணவனும் அவ்வேருக்கு நீர் வார்ப்பவனே ஆவான்.