ரஜுலா: கோப்பெங்கிற்கு நம்மைக் கொண்டுவந்த கப்பல்

கப்பல் பயணம் என்றதும் இன்று நம் கண்முன் நிற்பவை, நீச்சல் குளமும் அரங்கமும் கொண்ட உல்லாசக் கப்பல்கள். ஆனால், கோப்பெங் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த மூத்தோரைக் கேட்டால் அவர்கள் வாயில் முதலில் வரும் பெயர் ‘ரஜுலா’ என்பதாகவே இருக்கும்.

பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் நிறுவனத்திற்காக 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட கப்பல் அது. அளவு 8,478 டன். டைட்டானிக்கோ 46,328 டன். அளவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத ரஜுலா, டைட்டானிக்கைப்போல் இரு மடங்கு, அதாவது 5,000க்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது!

இது எப்படி முடிந்தது? இங்கே ‘டன்’ என்பது எடையன்று, கப்பலின் உள்ளிடம். 100 கன அடி ஒரு டன். கணக்கிட்டுப் பாருங்கள்: கப்பல் நிறைந்தால் ஆளுக்கு ஏறத்தாழ 1.7 டன். ஐந்தரை அடி நீள, அகல, உயரமுள்ள ஒரு பெட்டி அவ்வளவுதான். இயந்திர அறையும் சரக்கறையும் அதற்குள்ளேயே அடக்கம். 2024இல் பயணம் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் ஆளுக்கு ஏறத்தாழ 33 டன். ரஜுலாவில் பெரும்பாலோருக்கு அறையே இல்லை. தளத்தில் பாய் விரித்த இடமே அவர்கள் வீடு.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. கடலில் நங்கூரமிட்டு நிற்கும்; பயணிகள் படகில் சென்று ஏற வேண்டும். பினாங்கை அடைந்த தொழிலாளர்கள் புலாவ் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களின் கப்பல் கட்டணத்தை, 1907இல் தொடங்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி ஏற்றது. அதற்குப் பணம் கட்டியவர்கள் தோட்ட முதலாளிகள். 1938இல் இந்திய அரசு இத்தகைய குடியேற்றத்தைத் தடை செய்தது.

ரஜுலாவின் உடன்பிறப்பான ‘ரோனா’ கப்பலின் முடிவு வேறு. போர்ப்படைகளை ஏற்றிச் சென்றபோது, 1943 நவம்பர் 26 அன்று மத்தியதரைக் கடலில் ஜெர்மானிய விமானம் வீசிய குண்டால் மூழ்கியது. அமெரிக்க வீரர்கள் மட்டும் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ரஜுலா பிறந்த அதே 1926இல்தான், கோப்பெங் – பத்து காஜா சாலையில் மாளிகை எழுப்பிய வில்லியம் கெல்லி ஸ்மித் லிஸ்பன் நகரில் காலமானார். மாளிகைக்கு மின்தூக்கி வாங்கச் சென்றார் என்பர். அந்த மாளிகையைக் காண இன்று சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர். அதைக் கட்டிய தமிழ்த் தொழிலாளர்களுக்காக அருகில் எழுந்த ஆலயத்தின் கூரையில், தெய்வ உருவங்களுக்கிடையே துரையின் சிலையும் நிற்கிறது. துரைக்குச் சிலை உண்டு. கடல் கடந்து வந்த தொழிலாளருக்கு?

ரஜுலா 1973இல் ஓய்வு பெற்றது. மறு ஆண்டே உடைக்கப்பட்டது. அதன் இடத்திற்கு வந்த ‘சிதம்பரம்’ கப்பலும் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. அத்துடன் அதன் பயணமும் முடிந்தது. சிறுவயதில் ரஜுலாவில் வந்தவர்கள் இன்று முதுமையில் இருக்கின்றனர். அடுத்த விடுமுறையில் வீடு திரும்பும்போது அவர்களிடம் கேளுங்கள்: எந்த ஆண்டு வந்தீர்கள்? யாருடன் வந்தீர்கள்? தளத்தில் எங்கே படுத்தீர்கள்? கேட்டதை அன்றே எழுதி வையுங்கள். கப்பலின் டன் கணக்கு நூல்களில் இருக்கிறது. அந்தப் பாயில் படுத்திருந்தவரின் கதை நம் வீட்டில் மட்டுமே இருக்கிறது.