இலவச சாப்ட்வேரைப் பராமரிக்கப் பணம் எங்கிருந்து வருகிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பிரவுசர், வீடியோ பிளேயர் என்று பலவற்றை இலவசமாக டவுன்லோடு செய்து பயன்படுத்துகிறீர்கள். அவற்றில் பல ஓப்பன் சோர்ஸ் வகையைச் சேர்ந்தவை. அதாவது அவற்றின் மூல புரோகிராமை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். எங்களைப் போன்ற சாப்ட்வேர் என்ஜினியர்கள் தினமும் பயன்படுத்தும் கருவிகளும் பெரும்பாலும் இப்படிப்பட்டவையே.

பிளாக்செயின் துறையையே எடுத்துக் கொள்வோம். பிளாக்செயின் என்பது பல கம்ப்யூட்டர்களில் ஒரே மாதிரி வைக்கப்படும் கணக்குப் புத்தகம். கோடிக்கணக்கில் பணம் புரளும் இடம். ஆனால் அதற்கான புரோகிராம்களை எழுத உதவும் கருவிகளில் பலவற்றைச் சம்பளம் இல்லாமல் யாரோ ஒருவர் இரவில் கண் விழித்துப் பராமரிக்கிறார்.

ஒரு தடவை எழுதினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. எத்தீரியம் என்ற பிளாக்செயின் 2022 செப்டம்பரில் தன் அடிப்படை முறையையே மாற்றிக் கொண்டது. இப்படி அடியில் இருப்பது மாறும்போது மேலே இருக்கும் கருவியையும் சரிபார்க்க வேண்டும். பிழைகளைத் திருத்துவது, பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது தனி வேலை. புதிய வசதிக்குக் கிடைக்கும் கைதட்டல் இதற்குக் கிடைக்காது!

பராமரிப்பவர் களைத்துப் போனால் என்ன ஆகும்? ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற சிறிய ஜாவாஸ்கிரிப்ட் துணை புரோகிராம் வாரத்துக்குச் சுமார் 20 லட்சம் முறை டவுன்லோடு ஆகிக் கொண்டிருந்தது. அதை எழுதியவருக்கு அதனால் எந்த வருமானமும் இல்லை. உதவி செய்கிறேன் என்று வந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டார். வந்தவர் அதில் திருட்டு புரோகிராம் ஒன்றை நுழைத்தார். கோபே என்ற பிட்காயின் வாலட்டில் உள்ள பணத்தைத் திருடுவதே அதன் நோக்கம். 2018 நவம்பரில் குட்டு வெளிப்பட்டது. எழுதியவரைப் பலர் திட்டினார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இத்தனை லட்சம் டவுன்லோடுகளில் எத்தனை பேர் அவருக்கு ஒரு ரூபாய் கொடுத்தார்கள்?

இதற்குத் தீர்வாக 2019-ல் கிட்காயின் என்ற அமைப்பு ஒரு புதிய முறையில் நிதி வழங்கத் தொடங்கியது. கணக்கு கொஞ்சம் வேடிக்கையானது. ஒவ்வொருவரும் கொடுத்த தொகையின் வர்க்கமூலத்தைக் கூட்டி, வரும் விடையை வர்க்கப்படுத்த வேண்டும். ஒரு கருவிக்கு 100 பேர் ஆளுக்கு 1 ரூபாய் கொடுக்கிறார்கள் என வைத்துக் கொள்வோம். வர்க்கமூலங்களின் கூட்டல் 100. அதன் வர்க்கம் 10,000. மக்கள் கொடுத்தது 100 ரூபாய் போக மீதி 9,900-ஐப் பொது நிதி தர வேண்டும். இன்னொரு கருவிக்கு ஒரே பணக்காரர் 100 ரூபாய் கொடுத்தால்? வர்க்கமூலம் 10, வர்க்கம் 100. பொது நிதியிலிருந்து ஒன்றும் கிடையாது. பொது நிதி குறைவாக இருந்தால் எல்லோருக்கும் அதே விகிதத்தில் குறைத்துத் தருவார்கள். ஆக, பலருக்குப் பயன்படும் கருவிக்கே அதிகப் பணம். ஆனால் ஒரே ஆள் 100 பெயரில் கணக்குத் தொடங்கி ஏமாற்ற முடியுமே! அதைத் தடுப்பதுதான் இந்த முறையில் பெரிய தலைவலி.

ஆப்டிமிசம் என்ற இன்னொரு பிளாக்செயின் ஏற்கெனவே பயன்பட்ட கருவிக்குப் பிறகு பரிசு தருகிறது. 2021-ல் முதல் சுற்றில் 10 லட்சம் டாலர் கொடுத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பரிசு எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தெரியாமல் வீட்டு வாடகை கட்ட முடியாது.

கம்பெனி பொறுப்பேற்றால் சரியாகிவிடுமா? எத்தீரியம் புரோகிராமர்கள் பலர் முதலில் கற்றுக் கொண்ட டிரபிள் என்ற கருவி கன்சென்சிஸ் கம்பெனியிடம் இருந்தது. 2023-ல் அதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். புரோகிராமர்கள் ஹார்ட்ஹேட் போன்ற வேறு கருவிகளுக்கு மாற வேண்டியதாயிற்று.

நீங்கள் ஓர் ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேரை நிறுவும் முன் கிட்ஹப் தளத்தில் அதன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கடைசியாக எப்போது மாற்றம் செய்தார்கள் என்ற தேதி அங்கே இருக்கும். கைவிடப்பட்டு ஆவணமாக மாற்றப்பட்டிருந்தால் மேலே ஓர் அறிவிப்பும் இருக்கும். அதே பக்கத்தில் சில சாப்ட்வேர்களுக்கு இதயப் படத்துடன் ஸ்பான்சர் என்ற பட்டன் தெரியும். அதைக் கிளிக் செய்து மாதம் ஒரு சிறு தொகையை எழுதியவருக்கே அனுப்பலாம்.