எதை எண்ணுகிறோம்? டெலிகாம் – ஐடி கூட்டின் கணக்கு

ஆழ்வார்பேட்டையில் டி.டி.கே. சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், எங்க வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கல் ஷாப் இருக்கு. போன மாசம் ஒரு சாயங்காலம் போனால் கடையில் கூட்டம். கார்டு மெஷினில் 'நெட்வொர்க் எரர்'. கடைக்கார அண்ணன் மெஷின் கொடுத்த கம்பெனிக்கு போன் போட்டார். "மெஷின் நல்லாத்தான் இருக்கு, சிம்மைப் பாருங்க" என்றார்கள். சிம் கம்பெனியில் கேட்டால், "உங்க ஏரியாவில் சிக்னல் ஃபுல்லா இருக்கு சார், சாஃப்ட்வேர் பக்கம் கேளுங்க." சாஃப்ட்வேர்காரர், "எங்க சர்வர் ஓடிக்கிட்டேதான் இருக்கு."

எனக்கு முன்னால் நின்ற ஒரு வயசான அம்மாவுக்கு சுகர் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, நோட்டில் கடன் எழுதிக்கொண்டார் அண்ணன். பிறகு என்னைப் பார்த்து, "நீ இன்ஜினியரிங்தானே படிக்கிற தம்பி, இதுல யாரு தப்பு?" என்றார். நான் திருதிருன்னு முழிச்சேன்.

அந்த மூணு பேரும் பொய் சொல்லலை என்று இப்போ எனக்குத் தோணுது. அது எப்படின்னு கடைசியில் பார்ப்போம். அதுக்கு முன்னாடி இதே கேள்வியை ஒரு பெரிய கம்பெனி கேட்டுக்கொண்ட கதையைப் பார்க்கணும்.

சென்னையில் செல்போன் வந்த 90-களில் இங்கே இருந்தவை ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் என்ற இரண்டு நிறுவனங்கள். 2000-ல் ஸ்கைசெல்லை பார்தி வாங்கியது. நாம் இன்று ஏர்டெல் என்று சொல்வது அதைத்தான். அடுத்த சில வருஷங்களில் வாடிக்கையாளர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். ஏர்டெல்லுக்கு அதுவே தலைவலியானது. எத்தனை டவர் வாங்குவது, எத்தனை சர்வர் வாங்குவது என்று மாதா மாதம் கணக்குப் போட வேண்டும். கருவி விற்கும் கம்பெனிக்கு எவ்வளவு பெட்டி விற்றாலும் லாபம். தேவைக்கு மேலே வாங்கினால் நஷ்டம் ஏர்டெல்லுக்கு மட்டும்தான். ஆக, இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தாலும் எதிரெதிர்க் கட்சி.

2004-ல் ஏர்டெல் இதைத் தலைகீழாக மாற்றியது. நெட்வொர்க்கைக் கட்டி நடத்தும் வேலையை எரிக்சன், நோக்கியா நிறுவனங்களிடம் கொடுத்தது. பில்லிங், சர்வர், வாடிக்கையாளர் தகவல் உட்பட ஐடி வேலை மொத்தத்தையும் 10 வருஷத்துக்கு ஐ.பி.எம்.மிடம் கொடுத்தது. அந்த ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 75 கோடி டாலர் என்று அப்போது சொல்லப்பட்டது. "டெலிகாம் கம்பெனி நெட்வொர்க்கையே வெளியே கொடுத்துட்டா அப்புறம் அதுகிட்ட என்ன மிச்சம்?" என்று பலரும் கேட்டார்கள். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் இது இன்றும் பேசப்படும் பாடம். மேனேஜ்மென்ட்காரர்கள் இதை 'அவுட்சோர்சிங்' என்ற தலைப்பில் படிப்பார்கள். எனக்கென்னவோ இது நம்ம ஈ.சி.ஈ. பாடம் என்றுதான் படுகிறது. காரணம், நெட்வொர்க் ஒப்பந்தத்தில் பெட்டிக் கணக்கை விட்டுவிட்டு எர்லாங் கணக்கில் காசு கொடுக்க முடிவு செய்தார்கள்.

வயர்லெஸ் பேப்பரில் 2 மார்க் கேள்விக்காகப் படித்துவிட்டு, எக்ஸாம் ஹாலைத் தாண்டியதும் மறந்த அதே எர்லாங்தான். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த டேனிஷ்காரர் ஏ.கே. எர்லாங் பெயரில் வந்த அளவு. ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுக்க பிஸியாக இருந்தால் 1 எர்லாங். ஹாஸ்டலில் 300 பேர் இருக்கோம் என்று வைங்க. ராத்திரி 9 மணியிலிருந்து 10-க்குள் ஆளுக்கு 4 நிமிஷம் வீட்டுக்குப் பேசினால் 1,200 நிமிஷம். 60-ஆல் வகுத்தால் 20 எர்லாங்.

அதுக்கு 20 லைன் போதுமா? போதாது. எல்லாரும் வரிசை போட்டு, ஒருத்தர் வைத்ததும் அடுத்தவர் எடுப்பதில்லையே. 100 காலில் 2-க்கு மேல் தட்டுப்படக் கூடாது என்றால், எர்லாங்-பி சூத்திரப்படி 28 லைன் வேண்டும். இப்போ ஒரு சின்ன கட்டடத்தை எடுத்துக்குங்க, அங்கே வெறும் 2 எர்லாங்தான். அதே 2 சதவீதக் கணக்கில் அதுக்கு 6 லைன் வேண்டும். டிராஃபிக் 10 மடங்கு ஏறினால் லைன் 60 ஆகவில்லை, 28-தான் ஆகிறது. கூட்டம் பெரிசாக ஆக, ஒவ்வொரு லைனும் அதிகமாக உழைக்கிறது. கால்குலேட்டரில் ஒரு தடவை போட்டுப் பாருங்க, நம்பிக்கை வரும்.

இப்போ ஒப்பந்தத்துக்கு வருவோம். ஹாஸ்டலுக்கு 60 லைன் பெட்டியை விற்றுவிட்டுப் போகிற ஆளுக்கு, செமஸ்டர் லீவில் ஹாஸ்டல் காலியாகக் கிடந்தால் கவலை இல்லை. ஆனால் "பயன்பாட்டுக்கு வந்த எர்லாங்குக்குத்தான் காசு" என்று சொல்லிவிட்டால், காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு பெட்டியும் அவருடைய வட்டி. அவரே உட்கார்ந்து 28-ஆ 30-ஆ என்று கணக்குப் போடுவார். மாற்றியது ஒரே ஒரு அளவுகோல்தான். அதிலேயே எதிர்க்கட்சி கூட்டாளி ஆகிவிட்டது.

ஐ.பி.எம். ஒப்பந்தத்தில் அளவுகோல் வேறு, ஏர்டெல்லின் வருமானத்தில் ஒரு பங்கு. வாடிக்கையாளர் ஏறினால் சர்வர் சேர்ப்பது ஐ.பி.எம். பாடு, வருமானம் ஏறும்போது அதன் பங்கும் ஏறும். 2004 தொடக்கத்தில் 1 கோடிக்கும் குறைவாக இருந்த வாடிக்கையாளர் எண்ணிக்கை 2009-ல் 10 கோடியைத் தொட்டது. அந்த ஓட்டத்தில் ஒவ்வொரு சர்வருக்கும் டெண்டர் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிச்சுக்குங்க.

பிளேஸ்மென்ட் வாசலில் நிற்கிற நமக்கு இதில் இன்னொரு விஷயமும் இருக்கு. வேலையோடு சேர்த்து அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்களும் மாறினார்கள். ஏர்டெல்லில் சேர்ந்தவர், அதே வேலைக்கு வேறு கம்பெனி அடையாள அட்டையோடு போக ஆரம்பித்தார். டெலிகாம் கம்பெனி இவர்களைச் செலவாகப் பார்க்கும், ஐடி கம்பெனிக்கோ இவர்கள்தான் சரக்கு. சிலருக்கு அது ஏற்றமாகவும் சிலருக்குக் கலக்கமாகவும் இருந்திருக்கும்.

வருமானப் பங்கு என்பது அழகான அளவுகோல். ஆனால் வருமானமும் வேலையும் சேர்ந்தே நடக்கிற வரைக்கும்தான். 2009-ல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று வந்தது ஞாபகம் இருக்கா? (நமக்கு எங்கே இருக்கும், அப்பாவைக் கேளுங்க.) நிமிஷக் கணக்கில் 61 நொடி பேசினால் 2 நிமிஷக் காசு. நொடிக் கணக்கில் 61 நொடிக்கான காசுதான். ஆனால் சர்வர் எழுத வேண்டிய கால் ரெக்கார்டு அப்போதும் ஒன்று, இப்போதும் ஒன்று. வேலை குறையலை, காசு குறைஞ்சது. 2014-ல் ஏர்டெல்–ஐ.பி.எம். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது, அது முன்பைப் போல 10 வருஷத்துக்கு இல்லை.

தமிழ்நாட்டு உதாரணம் ஏர்செல். 1999-ல் இங்கே தொடங்கி, பிறகு சென்னையின் ஆர்.பி.ஜி. செல்லுலாரையும் வாங்கிய நிறுவனம். 2008-ல் அதுவும் தன் ஐடி வேலை மொத்தத்தையும் 9 வருஷத்துக்கு விப்ரோவிடம் ஒப்படைத்தது. 2016 செப்டம்பரில் ஜியோ இலவசமாக வந்ததும் சந்தையே ஆட்டம் கண்டது. 2017-ல் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேரும் முயற்சியும் முறிந்தது. 2018 பிப்ரவரியில் டவர் வாடகைத் தகராறில் டவர்கள் நிறுத்தப்பட்டு, தமிழ்நாடு முழுக்க ஏர்செல் போன்கள் ஊமையாயின. அந்த மாசக் கடைசியிலேயே கம்பெனி திவால் மனு கொடுத்தது. ஐடி ஒப்பந்தத்தால் ஏர்செல் விழுந்தது என்று நான் சொல்ல வரலை. கடனும் போட்டியும்தான் காரணம். ஆனால் பாருங்க, கூட்டாளிகளில் டவர்காரர் ஒருவர் கையை எடுத்தால் போதும், சாஃப்ட்வேர் எவ்வளவு நல்லா இருந்தாலும் வாடிக்கையாளருக்குக் கிடைப்பது பூஜ்யம்.

இன்று கூட்டின் திசை மாறியிருக்கு. முன்னே ஐடி கம்பெனி டெலிகாம் கம்பெனிக்கு வேலை செய்தது. இப்போ இரண்டும் தோளோடு தோள் நின்று மூன்றாவதாக ஒரு தொழிற்சாலைக்கோ வங்கிக்கோ விற்கின்றன. 2022-ல் புனே பக்கத்தில் சாக்கன் மஹிந்திரா ஆலையில் ஏர்டெல் 5ஜி நெட்வொர்க் போட, டெக் மஹிந்திரா அதை ஆலையின் வேலையோடு இணைத்தது. (டெக் மஹிந்திராவே 1986-ல் மஹிந்திராவும் பிரிட்டிஷ் டெலிகாமும் சேர்ந்து தொடங்கிய கம்பெனிதான்.) வண்டி வெளியே போகும் முன் அதுக்குள் சாஃப்ட்வேர் ஏற்ற வேண்டும். வயர் மாட்டி ஏற்றும் வேலையை வயர்லெஸ்ஸில் ஒரே நேரத்தில் பல வண்டிகளுக்குச் செய்யலாம் என்பதுதான் அங்கே லாபம். பி.எஸ்.என்.எல். 4ஜி-யிலும் இதே மாதிரி அடுக்குதான். டி.சி.எஸ். தலைமையில், தேஜஸ் ரேடியோ, சி-டாட் கோர்.

இந்த மாதிரி அடுக்கில் ஒரு கணக்கு ஒளிஞ்சிருக்கு. மெடிக்கல் ஷாப்புக்கே திரும்புவோம். மெஷின்காரர், சிம்காரர், சாஃப்ட்வேர்காரர் மூவரும் 99.9 சதவீதம் ஓடும் என்று வாக்குக் கொடுத்ததாக வைங்க. 30 நாள் மாசத்தில் 43,200 நிமிஷம். அதில் 0.1 சதவீதம் என்றால் 43 நிமிஷம் நிற்கலாம். மூணும் தொடராக இருப்பதால் 0.999-ஐ மூணு தடவை பெருக்கணும், சுமார் 0.997 வரும். கடைக்குக் கிடைப்பது 99.7 சதவீதம், அதாவது மாசத்துக்குக் கிட்டத்தட்ட 2 மணி 10 நிமிஷம் மெஷின் ஓடாது. மூணு பேரும் வாக்கைக் காப்பாற்றிவிட்டார்கள், மூணு பேரின் ரிப்போர்ட்டும் பச்சையாகவே இருக்கும். அந்த 2 மணி நேரம் சாயங்காலக் கூட்ட நேரத்தில் விழுந்தால் கடன் நோட்டில் ஒரு பக்கம் நிறையும்.

அதனால்தான் பெரிய வாடிக்கையாளர்கள் இப்போது ஒரே ஒரு கம்பெனியிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். மற்றவர்களோடு சண்டை போடுவது அந்தக் கம்பெனியின் தலைவலி. அதுக்கு அந்தக் கம்பெனி கேட்கும் கூடுதல் காசுதான் இந்தக் கூட்டின் உண்மையான விலை. கொடுக்க வசதி இருக்கிறவங்க கொடுக்கிறாங்க.

இந்தக் கணக்கையெல்லாம் ஒரு பேப்பரில் எழுதிக் கொண்டுபோய் அண்ணனிடம் காட்டினேன். 0.999 பெருக்கலை அவர் பார்க்கவே இல்லை. "சிக்னல் இருந்துச்சா, சர்வர் ஓடுச்சான்னு எனக்கு எதுக்கு தம்பி? பில்லு போட்டு காசு வந்துச்சா, அதை மட்டும் எண்ணிக் காசு வாங்கிக்கச் சொல்லு" என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டே அந்த அம்மா பாக்கி கொடுத்ததை நோட்டில் அடித்தார். ரொக்கமாகத்தான் கொடுத்திருக்கிறார்கள்.