வாயில்லா ஜீவன்களின் ஹக்கு: வெள்ளத்திலும் விடுமுறையிலும்

நூஹ் நபி (அலை) அவர்களின் காலத்துப் பெருவெள்ளத்தைப் பற்றி நம் வீட்டுச் சிறுபிள்ளைகள் வரை எல்லோருக்கும் தெரியும். ஹூது சூராவின் 40-வது வசனத்தைப் பொருள் அறிந்து ஓதுவோருக்கு ஒரு விஷயம் கண்ணில் படும். கப்பலில் ஏற்ற வேண்டியவர்களைப் பற்றி அல்லாஹு தஆலா கட்டளையிடும்போது, ஒவ்வோர் இனத்திலிருந்தும் ஒரு ஜோடியை முதலில் சொல்லி, நபியவர்களின் குடும்பத்தாரையும் ஈமான் கொண்டோரையும் அடுத்துச் சொல்கின்றான். இந்த வரிசையிலிருந்து நாம் சட்டம் எதுவும் எடுக்கப் போவதில்லை. அது உலமாக்களின் வேலை. ஆனால் உயிர் பிழைக்கும் கப்பலில் வாயில்லா ஜீவன்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது என்பதில் ஐயமில்லை. நம் ஊரில் வெள்ளம் வந்தபோது அந்த இடம் இருந்ததா?

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, நெல்லைச் சீமைகளில் பெய்த மழையை அனுபவித்தவர்கள் ஆயுள் உள்ளவரை மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. குளங்கள் உடைந்தன. தாமிரபரணி கரை கடந்தது. மனிதர்களும் மடிந்தார்கள், ஆடு, மாடு, கோழிகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன.

எங்கள் வீட்டில் நடந்ததை மறைப்பதற்கில்லை. குர்பானிக்கென்று வளர்த்த ஒரு கிடா கொல்லையில் நின்றது. எட்டு வயது மகன் அதற்கு முருங்கைக் குழையும் வாழைப்பழத் தோலும் கொடுத்துச் சொந்தப் பிள்ளை போல வளர்த்து வந்தான். இரவு இரண்டு மணிக்கு மேல் முற்றத்தில் தண்ணீர் ஏறியது. குர்ஆன் ஷரீஃபை எடுத்தோம். பத்திரங்களையும் அரிசி மூட்டையையும் எடுத்தோம். வயதான உம்மாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினோம். விடிந்து பார்த்தால் கொல்லையில் நெஞ்சளவு தண்ணீர். கயிறு அதன் முழு நீளத்துக்கும் விறைத்து நின்றது. கிடா நீந்தக் கூடியது. அவிழ்த்து விட்டிருந்தால் பத்தடி தள்ளியிருந்த மாடிப் படியைப் பிடித்திருக்கும். மகன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வாப்பா, அதைக் கட்டிப் போட்டது நாமதானே?" என்று கேட்டான்.

மறதிக்கும் அறியாமல் செய்த தவறுக்கும் இந்த உம்மத்துக்கு மன்னிப்பு உண்டு என்பதை நாம் அறிவோம். அந்த ஆறுதலை முதலில் நாங்களும் பிடித்துக்கொண்டோம். ஆனால் கனமழை வரும் என்று முந்திய நாளே செய்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய்த் தெரு மேட்டில் நிறுத்தி வைக்க எங்களுக்கு நினைவிருந்தது. அது நினைவிருந்தவனுக்கு இது மறந்துபோனதை வெறும் மறதி என்று சொல்லிவிட முடியுமா? இந்தக் கேள்விதான் எங்களைக் கிதாபுகளைப் புரட்ட வைத்தது.

பூனையைக் கட்டிப் போட்டு வைத்த பெண்ணின் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகின்றது. நாம் பயானில் பலமுறை கேட்டதுதான். அவள் அந்தப் பூனைக்குத் தானும் உணவு கொடுக்கவில்லை. பூமியில் உள்ள புழு பூச்சிகளைத் தின்று பிழைக்கட்டும் என்று விட்டுவிடவும் இல்லை. அதனால் நரகத்துக்கு ஆளானாள் என்று நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அறிவித்தார்கள். அவளிடம் இரண்டு வழிகள் இருந்தன என்பதைக் கவனியுங்கள். ஒன்று பராமரிப்பது, முடியாவிட்டால் அவிழ்த்து விடுவது. ஒரு ஜீவன் தன் வழியைத் தானே தேடிக்கொள்ள முடியாதபடி நாம் அதைக் கட்டிவிட்டோமானால், அந்த நிமிஷம் முதல் அதன் பசி, தாகம், உயிர் எல்லாம் நம் பொறுப்பில் வந்துவிடுகின்றன. கயிறு என்பது உரிமைக்கு அடையாளம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மார்க்கத்தில் அது கடனுக்கும் அடையாளம்.

நம் ஃபிக்ஹு நூல்களிலும் இது மனைவி மக்களின் செலவைப் பற்றிய பாடத்தின் தொடர்ச்சியாகவே பேசப்படுகின்றது. ஷாஃபிஈ மத்ஹபில், தன் கால்நடைக்குத் தீனி போட மறுப்பவனைக் காழி கட்டாயப்படுத்தலாம்: தீனி போடு, அல்லது விற்று விடு, அல்லது உண்ணத்தக்க பிராணியானால் அறுத்து விடு. ஹனஃபி மத்ஹபில் கட்டாயப்படுத்தும் விஷயத்தில் கருத்து வேற்றுமை உண்டே தவிர, அல்லாஹ்விடத்தில் அது அவன் மீது கடமை என்பதில் வேற்றுமை கிடையாது.

ஆகவே மழைக்காலம் தொடங்கும் முன்பே சில காரியங்களை வீட்டுப் பெரியவர்கள் ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் ஆடு மாடுகளை மேட்டுக்கு ஓட்டிச் செல்லுங்கள். அது முடியாத வீட்டில் கயிற்றை அவிழ்த்துத் தொழுவத்தைத் திறந்து விடுங்கள். கோழிக் கூட்டைத் தரையில் வைக்காமல் மச்சிலோ மாடியிலோ ஏற்றுங்கள். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு முனையை இழுத்தால் உருவிக்கொள்ளும் முடிச்சாகப் போடுங்கள். இருட்டில், நனைந்த கயிற்றில், நடுங்கும் கையால் இறுகிய முடிச்சை அவிழ்ப்பது ஆகிற காரியமல்ல.

வெள்ளம் வடிந்த பிறகு நடப்பது வேறு கதை. நிவாரணத்துக்கு ஆக்கிய சோறு மீந்து போகும். வீணாக்கக் கூடாதே என்று நல்லெண்ணத்தோடு வாளி வாளியாக மாடுகளுக்குக் கொட்டுவார்கள். சோறோ அரிசியோ அதிகமாகத் தின்ற மாட்டின் முதல் இரைப்பையில் அது புளித்து அமிலமாகிவிடும். வயிறு உப்பும், மாடு படுத்துவிடும், உயிரே போய்விடும். வெள்ளத்துக்குத் தப்பிய மாடு நம் ஸதகாவால் சாகலாமா? அவற்றுக்கு வேண்டியது காய்ந்த வைக்கோல், பசும்புல், நல்ல தண்ணீர். நனைந்து பூஞ்சை பிடித்த வைக்கோலும் ஆகாது. நிவாரண வண்டி புறப்படும்போது அரிசி, பாய், போர்வையோடு நாலு கட்டு வைக்கோலும் ஏற்றினால் என்ன? செத்த கால்நடைகளை ஆற்றில் தள்ளாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைப்பது மற்ற மனிதர்களுக்கு நாம் செய்யும் கடமை.

மூழ்கிக்கொண்டிருந்த ஆட்டைத் தூக்கி அறுத்தால் உண்ணலாமா என்று அப்போது பலர் கேட்டார்கள். உயிர் நிலைத்திருக்கும்போது முறைப்படி அறுத்தால் ஆகும். தானாக மூழ்கிச் செத்தது ஆகாது.

தண்ணீர் விஷயமும் இங்கே சேர்ந்ததுதான். சுற்றிலும் வெள்ளம், குடிக்க ஒரு குடம் நல்ல தண்ணீர் இல்லை என்ற நிலையை அப்போது பார்த்தோம். மாடியில் இருந்த கொஞ்ச நீரில் ஒளுச் செய்வதா, குடிப்பதற்கு வைப்பதா? சேறு கலந்து கலங்கிய காரணத்தால் மட்டும் தண்ணீரின் தூய்மை போய்விடாது. அதில் ஒளுச் செய்யலாம். சாக்கடை கலந்து நிறமோ மணமோ சுவையோ மாறிவிட்டதானால் ஆகாது. அப்போது இருக்கிற நல்ல நீரைக் குடிக்க வைத்துக்கொண்டு தயம்மும் செய்துகொள்ள மார்க்கம் இடம் தருகின்றது. நாம் சொல்ல வந்தது இதற்கு அடுத்ததை. அந்த நீர் நமக்குத் தேவையில்லாமல், நம்மிடம் உள்ள ஆட்டின் தாகத்துக்குத் தேவைப்பட்டாலும் சட்டம் அதேதான்! தொழுகையின் திறவுகோலான ஒளுவையே ஓர் ஆட்டின் தாகத்துக்காக விட்டுவிட்டு மண்ணைத் தொட்டுத் தொழலாம் என்று நம் இமாம்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எங்களுக்கு உறக்கம் வரவில்லை.

நாய்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வெள்ள நாட்களில் தெரு நாய்கள் வந்து திண்ணையில் ஒண்டிக்கொண்டன. ஷாஃபிஈகளான நமக்கு நாயின் ஈரம் பட்டால் ஒரு முறை மண்ணைக் கலந்து ஏழு முறை கழுவ வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொண்டே, நடுங்கிக்கொண்டு நின்றதைக் கம்பால் அடித்துத் தண்ணீரில் தள்ளியவர்களும் உண்டு. கழுவு என்றுதான் சொல்லப்பட்டதே தவிர, கொல்லு என்று சொல்லப்படவில்லை. தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தோலுறையில் நீர் மொண்டு வந்து புகட்டியவனுக்கு அல்லாஹ் மன்னிப்பு அளித்த செய்தியும் அதே ஹதீஸ் நூல்களில்தான் இருக்கின்றது. ஈரமுள்ள ஒவ்வோர் உயிருக்கும் செய்யும் உபகாரத்தில் நற்கூலி உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கம் தந்ததும் அப்போதுதான். திண்ணையைக் கழுவ எத்தனை நேரம் ஆகும்?

மனிதர்களுக்குச் செய்யும் உபகாரத்துக்கும் அதே வெள்ளத்தில் ஒரு பாடம் கிடைத்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், தண்டவாளத்தின் அடியில் மண் அரித்துப் போனதால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள், தாங்களே வெள்ளத்தின் நடுவில் இருந்துகொண்டு, வந்தவர்கள் எந்த ஊர், எந்த மதம் என்று கேட்காமல் சோறாக்கிப் போட்டார்கள். அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் வயிறார உண்பதைக் கண்டித்த நபியின் உம்மத்தாகிய நாம், நம் ஜமாஅத்துக் கணக்கேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும்தான் முதல் பொட்டலம் என்று வைத்துக்கொள்ளலாமா?

அந்தத் துயரம் கழிந்து 2024-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை வந்தபோது எங்கள் வீட்டில் ஒரு தயக்கம். ஊரில் இன்னும் வீடு கட்டி முடியாதவர்கள் இருக்கும்போது நாம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உல்லாசமாகப் போவதா என்றார்கள் உம்மா. நியாயமான தயக்கம்தான். ஆனால் பிள்ளைகள் ஓட்டின் மேல் மழை விழும் சத்தம் கேட்டாலே விழித்துக்கொண்டார்கள். பயந்துபோன பிள்ளையைச் சிரிக்க வைப்பதும் நிவாரணம்தானே! வீண் செலவும் ஆடம்பரமும் வேறு. குடும்பத்தோடு மகிழ்ந்திருப்பது வேறு. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் ஆயிஷா நாயகி (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். அன்று ஆயிஷா நாயகி முந்தினார்கள். பின்னொரு முறை, அவர்களுக்கு உடல் கனத்திருந்தபோது, நாயகம் முந்தி, அன்றைக்கு இன்று ஈடாகிவிட்டது என்று விளையாட்டாகச் சொன்னார்கள். நம்மில் எத்தனை வாப்பாமார் வீட்டாரோடு பத்தடி ஓடியிருப்போம்?

அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவி வளர்த்தார். அது இறந்து போய்ச் சிறுவர் வாடியிருந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அந்தக் குருவியைப் பற்றியே செல்லமாகப் பேச்சுக் கொடுத்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞரான இப்னுல் காஸ் இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபதுக்கு மேற்பட்ட பயன்களை எடுத்துத் தனியாக எழுதினார். தீனியும் தண்ணீரும் தவறாமல் கொடுத்தால் சிறுவர்கள் பறவை வளர்க்கலாம் என்பது உலமாக்கள் இதிலிருந்து எடுத்தவற்றுள் ஒன்று. எங்களுக்கு வேறொன்றும் பட்டது. ஓர் ஆடு போனதற்கா இப்படி அழுகிறாய் என்று மகனை நாங்கள் அதட்டியிருந்தோம்.

விடுமுறை விளையாட்டுகளில் ஜீவன்களைப் படுத்தும் பாட்டைப் பெற்றோர் கண்டும் காணாமல் விடுவது வழக்கமாகிவிட்டது. ஓணானைச் சுருக்குப் போட்டுப் பிடித்து, மூக்குப்பொடி போட்டு, கல்லால் அடிப்பார்கள். கேட்டால் ஹதீஸ் இருக்கிறது என்பார்கள்! ஹதீஸில் வருவது பல்லியைப் பற்றி. அதிலும் ஒரே அடியில் தீர்ப்பவனுக்குத்தான் அதிக நன்மை. அடிகள் கூடக் கூட நன்மை குறையும். வதைத்து விளையாடுவதற்கு அதில் எங்கே ஆதாரம்? குறைஷி வாலிபர்கள் ஒரு பறவையைக் கட்டி வைத்து அம்பெறிந்து பழகியதைக் கண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், உயிருள்ளதை இலக்காக்கியவனை நபியவர்கள் சபித்திருப்பதை எடுத்துரைத்தார்கள். பட்டம் விடுவதானால் கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூல் வேண்டாம். அது பறவையின் இறக்கையையும் அறுக்கும், தெருவில் போகிறவரின் கழுத்தையும் அறுக்கும். கூட்டிலிருந்து குஞ்சை எடுத்து வந்தால் எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். குஞ்சுகளை இழந்து தவித்த ஒரு தாய்ப் பறவைக்காக, அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி ஸஹாபாக்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் உத்தரவிட்டார்கள்.

வெளியூர் போவதானால் குற்றாலத்தில் குரங்குகளுக்கு வறுவல் பொட்டலத்தைப் பையோடு எறிய வேண்டாம். மெரினாவில் குழந்தையைக் குதிரையில் ஏற்றுவதானால் மதிய வெயிலில் ஓய்ந்து நிற்கும் குதிரையாகப் பார்த்து ஏற்ற வேண்டாம். தன் எஜமான் பட்டினி போட்டு வேலை வாங்குவதை நாயகத்திடம் முறையிட்ட ஒட்டகத்தின் செய்தி அபூதாவூதில் உள்ளது. அருவியில் தண்ணீர் கலங்கி வரத் தொடங்கினால் உடனே வெளியேறுங்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டு போயிற்று. புறப்படும் முன், வீட்டில் உள்ள கோழிக்கும் கூண்டுக் கிளிக்கும் யார் தண்ணீர் வைப்பது என்று பேசி முடித்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். கதவைப் பூட்டிய பிறகு கூண்டும் அந்தப் பூனையின் கயிறுதான்.

நாங்கள் அந்தக் கோடையில் இரண்டே நாள் வெளியூர் போனோம். மற்ற நாட்கள் வீட்டில்தான். மாடிச் சுவரில் பறவைகளுக்கு மண்சட்டி வைத்துத் தினமும் தண்ணீர் மாற்றுவது பெண்மக்களின் முறை. அஸருக்குப் பின் கொல்லையில் ஒரு போட்டி: தூணில் கயிற்றைக் கட்டி, கண்ணைத் துணியால் மூடிக்கொண்டு, ஒரே இழுப்பில் அவிழ்க்க வேண்டும். உம்மாதான் நடுவர். முதல் நாள் வாப்பாவின் முடிச்சு இறுகிக்கொண்டது; எல்லோரும் சிரித்தார்கள். மகன் சிரிக்கவில்லை. வந்து, கயிற்றை வாங்கி, மறுபடி கட்டிக் காட்டினான்.