நன்னீர் ஆய்வில் அறிவியல் சங்கங்களின் கூட்டுறவு

விகார், பொவாய் ஏரிகளின் மிகைநீரால் உருவாகும் மித்தி ஆறு, சுமார் 18 கிலோமீட்டர் ஓடித் தாராவியின் ஓரமாக மாகிம் கழிமுகத்தை அடைகிறது. விகார் ஏரி இன்றும் மும்பைக்குக் குடிநீர் அளித்து வருகிறது. ஆனால், அதிலிருந்து வழியும் நீர் குர்லாவைக் கடக்குமுன்னரே சாக்கடையாகிவிடுகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானபோது, கரைகடந்த இந்த ஆற்றின் விளைவை அதிகமாக அனுபவித்தவர்கள் தாழ்வான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை மக்களேயாவர்.

மித்தி ஆராயப்படாத ஆறு அன்று. புனேயிலுள்ள மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் அதன் வெள்ள ஓட்டத்தைக் கணித்தது. பொவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் சுற்றுச்சூழல் சீரமைப்புக்கான திட்டத்தை வகுத்தது. எனினும், ஆற்றை அகலப்படுத்துவது பொறியியல் வினாவாகவும், நீரின் தூய்மை வேதியியல் வினாவாகவும், உயிரினங்கள் உயிரியல் வினாவாகவும் தனித்தனியே நோக்கப்படுகின்றன. சட்டமும் இப்பிரிவினைக்குத் துணைபோகிறது. 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகளின்படி, ஆற்றுக் கால்வாய்களும் குடிநீருக்கெனக் கட்டப்பட்ட நீர்நிலைகளும் ஈரநிலங்கள் ஆகா. அதாவது, மித்தியும் வெளியே, அதன் பிறப்பிடமும் வெளியே!

ஒரு துறையின் பார்வை மட்டும் கொள்கைக்கு அடிப்படையாகும்போது நேர்வது யாது? 1883-இல் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் அனுபவமே இதற்கு விடை தருகிறது. ராஜஸ்தானின் பரத்பூரில், சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்புடைய கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1982-இல் கால்நடை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. பறவைகளைக் காக்கும் நோக்குடன் சங்கத்தின் அறிஞர்களும் இத்தடையை ஆதரித்தனர். எதிர்த்த கிராம மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிரிழப்பும் ஏற்பட்டது. ஆனால், 1980 முதல் 1990 வரை அதே சங்கம் நடத்திய நீர்ச்சூழலியல் ஆய்வு வேறு உண்மையை வெளிப்படுத்தியது. எருமைகள் மேயாமையால் பாஸ்பலம் என்னும் நீர்ப்புல் தடையின்றிப் பெருகித் திறந்த நீர்ப்பரப்பை அடைத்துவிட்டது. நீர்ப்பறவைகளுக்கும் மீன்களுக்கும் இது பாதகமாயிற்று. நீர், புல், மீன், பறவை அனைத்தையும் ஒருசேர ஆண்டுக்கணக்கில் அளந்ததனாலேயே இது புலப்பட்டது. தடைக்கு முன்பே இவ்வறிவு கிடைத்திருந்தால் கிராம மக்கள் அந்த விலையைக் கொடுக்க நேர்ந்திராது.

இத்தகைய நீண்டகாலப் பணிக்கு அறிவியல் சங்கங்கள் மிகவும் ஏற்றவை. அவை துறை எல்லைகளுக்குக் கட்டுப்பட்டவையல்ல. திட்டக் காலம் முடிந்ததும் கலைந்துவிடுவனவும் அல்ல. 1987-இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, பம்பாய்ச் சங்கமும் பன்னாட்டு ஈரநில அமைப்பும் ஆண்டுதோறும் ஜனவரியில் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தும் பணியாகும். உலக அளவில், ஏரியியல் அறிஞர்களின் பன்னாட்டுச் சங்கம் 1922-இல் நிறுவப்பட்டபோதே அறிவியல் ஆய்வையும் அதன் பயன்பாட்டையும் ஒருங்கே குறிக்கோளாகக் கொண்டது.

மும்பையில் இதற்குரிய அறிவுச் செல்வம் மிக அருகிலேயே உள்ளது. மாதுங்காவில் வேதியியல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. செம்பூரை அடுத்த டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையம் ஓரிடத்தன்களைக் கொண்டு நிலத்தடி நீரின் தோற்றத்தையும் போக்கையும் கண்டறிகிறது. குடிநீர்ப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய நீர்வழங்கல் பணிகள் சங்கத்தின் தலைமையகமும் இந்நகரிலேயே உள்ளது. குப்பைமேடாக இருந்து 1994-இல் திறக்கப்பட்ட மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா, தாராவியை ஒட்டி மித்தியின் கரையிலேயே அமைந்திருக்கிறது. கண்காணிப்பு நிலையத்திற்கு இதனினும் ஏற்ற இடம் கிடைப்பது அரிது.

இவற்றை இணைக்கப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. மாதிரி எடுக்கும் இடங்களையும் நாள்களையும் முறைகளையும் சங்கங்கள் முதலில் ஒருமித்து வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். விகாரில் தொடங்கி மாகிம் வரை, மழைக்காலத்திலும் கோடையிலும் ஒரே நாளில் நீரையும் உயிரினங்களையும் அளத்தல் வேண்டும். நிதி ஓராண்டுக்கன்றிப் பத்தாண்டுக்கு உறுதி செய்யப்படுதல் இன்றியமையாதது. முடிவுகளை மாநகராட்சிக்கு அளிக்கும்போதே, மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் தாராவி மக்களுக்கும் அறிவிக்கலாம். வெள்ளம் முதலில் நுழைவது அவர்களது வீடுகளில்தானே!